முப்பது அறை அளந்தால் முப்பது கணக்காகுமா?

விக்கிரமசிங்கபுரத்தில் உட்கார்ந்துகொண்டு புதைபடிவத்தைப் பற்றி எழுதுகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். இங்கே எந்தப் பாறையை உடைத்தாலும் ஒரு சிப்பிகூடத் தேறாது. பாபநாசத்திலிருந்து காரையாறு வரைக்கும் சார்னகைட்டும் நைஸ் பாறையும்தான். ஓடும் எலும்பும் உள்ள உயிர்கள் கடலில் பெருகுவதற்கு முன்பே பிறந்து, பூமிக்கு அடியில் வெந்து உருமாறி மேலே வந்தவை. கல்யாண தீர்த்தம் பக்கம் பாறையில் ஏதோ கோடு தெரிகிறது, சிப்பி மாதிரி இருக்கிறது என்று என்னிடம் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரே பதில்தான்: அது தாதுக்கள் படிந்த வரி, உயிர் இல்லை.

ஆனாலும் எனக்குப் பிடித்தது பிரையோசோவா. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திய காலத்தில் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும்; பரீட்சையில் கேள்வி வராது என்பதால் பிள்ளைகள் தாண்டிப் போவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த அரைப் பக்கத்துக்குள்தான் குடியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அறை. அதற்குள் ஒரு சின்ன உயிர். வாயைச் சுற்றி வளையமாக உணர்விழைகள். அதை வெளியே நீட்டித் தண்ணீரில் வருகிற நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். பயந்தால் சட்டென்று உள்ளே போய்விடும். இந்த அறைகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒட்டி வளர்ந்தால் ஒரு காலனி. தூத்துக்குடி கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற கடல்பாசியையோ பழைய சிப்பியையோ கையில் எடுத்துப் பாருங்கள். மேலே வெள்ளையாக, சரிகைப் பின்னல் போல ஒரு படிவு இருந்தால், அது பெரும்பாலும் இதுதான். மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்து முத்துச்சிப்பித் திட்டுகளை 1902-இல் ஹெர்ட்மன் ஆராய்ந்தபோது சேர்த்த பிரையோசோவாக்களை வகைப்படுத்தி எழுதியவர் லாரா ராஸ்கோ தார்ன்லி. அந்த அறிக்கை 1905-இல் வந்தது. கடலில் இன்று உயிரோடு இருப்பவை 6,000 இனங்களுக்கு மேல். கல்லாகிப்போனவை 15,000 இனங்கள் வரை பெயர் பெற்றிருக்கின்றன. குளத்திலும் ஆற்றிலும் வாழ்கிற வகைகளும் உண்டு, ஆனால் அவற்றுக்குச் சுண்ணாம்பு ஓடு கிடையாது. ஓடு இல்லாததால் கல்லில் தடம் விடுவது அபூர்வம். நமக்கு வேண்டியது ஓடு.

அதற்கு அரியலூர்தான் போகவேண்டும்.

ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடல். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சாத்தனூர் கல்மரத்தையும் வாரணவாசி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் ஊரிலேயே பலர். 1862-இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் திருச்சி, தென்னார்க்காடு பாறைகளை நடந்து அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பாறைகளில் கிடைத்த உயிர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் விவரிக்கிற பொறுப்பு, கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு 1862-இல் வந்து சேர்ந்த ஒரு மொராவியாக்காரருக்குப் போனது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. வயது 24. அம்மோனைட்டும் நத்தையும் சிப்பியுமாக வால்யூம் வால்யூமாக எழுதிக்கொண்டே போய், 1870களின் தொடக்கத்தில் பிரையோசோவாவுக்கு வந்தார். அவருக்கு இது புதிது இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பக்கம் ஓராக்கெய் விரிகுடாவில் கிடைத்த பிரையோசோவாக்களை 1865-லேயே எழுதியிருந்தார்.

ஸ்டோலிச்காவிடம் இருந்தது ஒரு கை லென்ஸ், ஒரு சாதாரண மைக்ரோஸ்கோப், நல்ல ஓவியர். அவ்வளவுதான். அறைக்குள் அறை தெரிகிற அளவுக்கு லித்தோகிராஃப் தட்டுகள் போட்டார்கள். 1874 ஜூனில், இரண்டாவது யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் முர்கோ அருகே உயர மலை நோயில் இறந்துபோனார். வயது 36. லே நகரில் நினைவுத்தூண் நிற்கிறது. லடாக் போகிற நம்மாட்கள் பாங்காங் ஏரியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அரியலூர்க் கல்லுக்குப் பெயர் வைத்த மனிதர் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

அவருக்குப் பிறகு அரியலூர் பிரையோசோவாவை முழுசாகக் கையில் எடுத்தவர்கள் ஏ. கே. குஹாவும் டி. எஸ். நாதனும். 1996-இல், ஸ்டோலிச்கா எழுதிய அதே 'பாலியாண்டாலஜியா இண்டிகா' வரிசையில், அரியலூர் தொகுதியின் தமிழ்நாடு, புதுச்சேரிப் பகுதிகள் இரண்டையும் சேர்த்து 200 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம். ஸ்டோலிச்காவின் பெயர்களில் பல அப்படியே நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

என் தங்கச்சி மவன் தூத்துக்குடியில் ஜியாலஜி படிக்கிறான். கல்லூரியில் அரியலூர் கூட்டிக்கொண்டு போனபோது கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் கொஞ்சம் துண்டுகள் பொறுக்கி, ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தான். சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டி எடுக்கிற அதே கல். ஒரு துண்டில் சுண்டுவிரல் தடிமனுக்குக் கிளை கிளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, இது பவளம்தான?"

"ஏல, லென்ஸைப் போட்டுப் பாரு. ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு பெரிசு?"

"ரொம்பச் சின்னதா இருக்கு. குண்டூசி முனைகூட இருக்காது."

"பவளத்துல ஓட்டைக்குள்ள சக்கரக் கம்பி மாதிரி சுவர் நிக்கும். இதுல நிக்குதா?"

நிற்கவில்லை. அப்படியானால் பிரையோசோவா. இதில் அவன் வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையோரம் பாக் படுகைகளில் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. அதற்குப் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் பவளச் சுண்ணாம்புக்கல் என்றுதான் பெயர். உள்ளே நிறைந்து கிடப்பது பிரையோசோவா. பெரிய பெரிய ஆட்களே அந்தப் பெயரை நூறு வருஷத்துக்கு மேல் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

அதே பாக் படுகையில்தான் இந்த வகைப்பாட்டின் மிக ருசியான கதையும் நடந்தது. ஜி. டபிள்யூ. சிப்லூன்கர் 1939-இல் அங்கே கிடைத்த ஒரு பிரையோசோவாவை விவரித்தார். நீளநீளமான குழாய்கள் கட்டுக்கட்டாக நிற்கிற கிளை. குழாய் என்றால் சைக்ளோஸ்டோம் வரிசை என்பது அன்றைக்கு எல்லாரும் நம்பிய விதி. 1995-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பால் டெய்லரும் பூனாவின் ஆர். எம். பத்வேயும் அதை மறுபடி பார்த்தார்கள். இது சைக்ளோஸ்டோமே இல்லை, கீலோஸ்டோம் வரிசையைச் சேர்ந்தது, சைக்ளோஸ்டோம் போல வேஷம் கட்டியிருக்கிறது என்றார்கள். சிப்லூன்கர் பெயராலேயே 'சிப்லூன்கரைனா' என்று புதுப் பேரினம் வைத்தார்கள். ஐரோப்பாவிலும் அதன் உறவினங்கள் இருந்தன. தப்பாக வகைப்படுத்தினார் என்று சொல்லிவிட்டு அவர் பெயரையே சூட்டுவது இந்தத் துறையின் மரியாதை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்த இரண்டு வரிசையையும் எப்படிப் பிரிப்பது? கீலோஸ்டோம் பெரும்பாலும் பெட்டி. முகப்பில் ஒரு திறப்பு, அதற்கு மூடி, சிலவற்றில் பக்கத்தில் பறவை அலகு மாதிரிக் கடிக்கிற காவல்கார அறை. சைக்ளோஸ்டோம் குழாய், முனையில் வட்ட வாய், விட்டம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு, சுவரில் பொடிப்பொடித் துளைகள். சைக்ளோஸ்டோமில் ஒரு சங்கடம் என்னவென்றால், சாதாரண அறைகள் எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும். பேரினத்தைச் சொல்ல வேண்டுமானால் அடைகாக்கும் அறை வேண்டும். அது பலூன் மாதிரி உப்பிய பெரிய அறை. காலனிக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், பல காலனிகளில் இருக்கவே இருக்காது. அந்த அறைக்குள் ஒரு கரு பிளந்து பிளந்து பல குஞ்சுகளாகும்; எல்லாம் ஒரே அச்சு. ஐம்பது துண்டு வைத்திருந்தும் அடைகாக்கும் அறை கிடைக்காததால் பெயர் வைக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது இந்த வேலையில் அன்றாடம்.

காலனியின் வெளி வடிவத்தை வைத்துப் பெயர் வைப்பதை நான் கொஞ்சமும் நம்புவதில்லை. கிளையா, இலையா, கல்மேல் படர்ந்த படிவா என்பதெல்லாம் தண்ணீர் ஓட்டமும் ஒட்டிக்கொண்ட இடமும் சேர்ந்து முடிவு செய்வது. ஒரே இனம் சிப்பியின் மேல் படரும், இடம் தீர்ந்தால் நிமிர்ந்து கிளைக்கும். சம்பந்தமே இல்லாத இரண்டு இனங்கள் ஒரே கிளை வடிவத்தில் நிற்கும். அறைக்குள் போகாமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. அறைக்குள் போவது என்றால் அளப்பது.

அளக்கும்போது முதலில் மைக்ரோஸ்கோப்புக்கே அளவு வைக்க வேண்டும். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்று ஒரு கண்ணாடிச் சில்லு கிடைக்கும். அதில் ஒரு மில்லிமீட்டரை நூறு கோடுகளாகப் பிரித்திருப்பார்கள். கண் வைத்துப் பார்க்கிற வில்லைக்குள் இருக்கிற அளவுகோலின் ஒரு கட்டம் எத்தனை மைக்ரான் என்பதை அதை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக. 10 மடங்குக்குக் கணக்கிட்டதை 40 மடங்கில் போட்டுவிட்டு, பிறகு புது இனம் கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளுகிற பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் உண்டு.

அடுத்தது சாய்வு. கிளை உருண்டையாக இருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் நடுவில் உள்ள அறைதான் நம்மை நேராகப் பார்க்கும். ஓரத்து அறை சாய்ந்து நிற்கும், நீளம் குறைந்து தெரியும். 0.50 மில்லிமீட்டர் நீளமுள்ள அறை 20 டிகிரி சாய்ந்தால் 0.47 என்று காட்டும். 30 டிகிரி சாய்ந்தால் 0.43. இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வித்தியாசமே சில நேரம் அவ்வளவுதான் இருக்கும். அதனால் நடுக்கோட்டில் இருப்பதை மட்டும் அளக்க வேண்டும், துண்டைக் கொஞ்சம் திருப்பி அடுத்ததை அளக்க வேண்டும். பிளாஸ்டிசின் உருண்டையில் குத்தி வைத்துக்கொண்டால் திருப்புவது சுலபம். மருமகன் போனில் படம் எடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் கோடு இழுக்கிறான்; வசதிதான். ஆனால் சாய்வை மென்பொருள் கண்டுபிடிக்காது.

மூன்றாவது, எந்த அறையை அளப்பது? லார்வா வந்து ஒட்டி உருமாறி முதல் அறையாகிறது. அதிலிருந்து மொட்டுவிட்ட முதல் சில தலைமுறை அறைகள் சின்னதாக இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒரே அளவில் நின்றுவிடும். அந்த நிலையான பகுதியில்தான் அளக்க வேண்டும். அரியலூரில் கிடைப்பதெல்லாம் உடைந்த துண்டு, எந்தத் துண்டு எந்தப் பகுதி என்று முதலில் முடிவு செய்யாமல் அளக்கத் தொடங்கினால் தாத்தாவையும் பேரனையும் சேர்த்து சராசரி போட்ட கதையாகிவிடும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே, மேசை டிராயரிலிருந்து எங்கள் பெரியப்பாவின் லென்ஸை எடுத்துக் கொடுத்தேன். அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பித்தளையில் மூன்றாக மடங்கும். அடியில் ஒரு இஞ்சுக்கு ஒரு இஞ்சு சதுர ஓட்டை, ஓரத்தில் கோடு போட்டிருக்கும். துணிமேல் வைத்து, ஒரு இஞ்சுக்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் விலை பேசுவார். ஹார்வி மில் வந்த 1880களிலிருந்தே நூலும் துணியும் இந்தப் பக்கத்துப் பேச்சு. ஆனால் அந்த எண்ணிக்கை பிரையோசோவாவுக்கும் அப்படியே பொருந்தும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

காஷ்மீரில் 'ஃபெனஸ்டெல்லா ஷேல்' என்று கார்பனிஃபெரஸ் காலத்துப் பாறை அடுக்கே இருக்கிறது, லித்தர் பள்ளத்தாக்குப் பக்கம். ஃபெனஸ்டெல்லா என்பது வலை மாதிரி பிரையோசோவா: கிளைகள் இணையாக ஓடும், குறுக்கே பாலங்கள் கட்டும், இடையில் சன்னல் சன்னலாக ஓட்டை. இந்த வகைக்கு அளவு எழுதும் முறையைப் பார்த்தால் பெரியப்பா சிரித்திருப்பார். 10 மில்லிமீட்டரில் கிளை எத்தனை, 10 மில்லிமீட்டரில் சன்னல் எத்தனை, அப்புறம் 5 மில்லிமீட்டரில் அறை வாய் எத்தனை, முண்டு எத்தனை. நான்கு எண்ணையும் சாய்வுகோடு போட்டு வரிசையாக எழுதுவார்கள். வாசித்தாலே வலை கண்ணுக்குத் தெரியும், முரட்டு வலையா நைசு வலையா என்று. அந்தச் சூத்திரம் ஒரே மாதிரி இருந்தால் உடனே ஒரே இனம் என்று அர்த்தம் இல்லை; வேறாக இருந்தால் மட்டும் சந்தேகப்படலாம்.

இனிமேல்தான் மருமகனுக்கும் எனக்கும் வாக்குவாதம்.

அவன் ஒரு துண்டில் முப்பது அறையை ஒழுங்காக அளந்து, சராசரி, திட்ட விலக்கம், மிகக் குறைந்தது, மிகக் கூடியது எல்லாம் அட்டவணை போட்டு, மேலே எண்ணிக்கை 30 என்று எழுதியிருந்தான்.

"முப்பது யாருல?"

"முப்பது ஜூவாய்டு மாமா, முப்பது அறை."

"அந்த முப்பது பேரும் எங்கேருந்து வந்தாங்க?"

ஒரே லார்வாவிலிருந்து. மொட்டு மொட்டாக வந்தவை. மரபணு எல்லாவற்றுக்கும் ஒன்று. முப்பது தடவை ஒரே ஆளின் உயரத்தை அளந்துவிட்டு, இந்த ஊர்க்காரர்களின் சராசரி உயரம் இவ்வளவு என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? அவன் வாதம்: ஒவ்வொரு அறையும் தனியாகத் தின்கிறது, தனியாகச் சாகிறது, அப்படியானால் தனி உயிர்தானே. உயிரியலில் அதுவும் சரி. புள்ளியியலில் சரி இல்லை. ஒரு காலனிக்குள் அறைக்கு அறை உள்ள வேறுபாடு ஒரு தகவல். காலனிக்குக் காலனி உள்ள வேறுபாடு வேறு தகவல். இனத்தைப் பிரிக்க இரண்டாவதுதான் வேண்டும். பத்து காலனியில் பத்துப் பத்து அறை அளப்பது, ஒரே காலனியில் நூறு அறை அளப்பதைவிட ரொம்ப உசத்தி. பழைய வெளியீடுகளில் எண்ணிக்கை என்ற கட்டத்தைப் பார்த்தால் அது அறையா காலனியா என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். அதனாலேயே பாதி இனங்களை ஒப்பிட முடியாமல் போகிறது.

ஓட்டின் அளவை வைத்துப் பிரித்த இனம் உண்மையில் இனம்தானா என்ற சந்தேகம் நியாயமானது. ஜெரமி ஜாக்சனும் ஆலன் சீத்தமும் அதைச் சோதித்தார்கள். பனாமா பக்கத்துக் கரீபியன் கடலில் இன்றைக்கும் வாழ்கிற மூன்று கீலோஸ்டோம் பேரினங்களை எடுத்து, காலனிகளின் குஞ்சுகளை ஒரே சூழலில் வளர்த்து, புரத ஆய்வும் செய்து பார்த்தார்கள். அளவுகளை மட்டும் வைத்துப் பிரித்த இனங்களும் மரபணு காட்டிய இனங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1990-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அதற்கு நான்கு வருஷம் முன்பே சீத்தம், டொமினிக்கன் குடியரசில் கிடைத்த 'மெட்ரராப்டோட்டஸ்' புதைபடிவங்களில் 46 பண்புகளை அளந்து, இனங்கள் நெடுங்காலம் மாறாமல் இருந்துவிட்டுச் சட்டென்று புதிதாகப் பிரிகின்றன என்று காட்டியிருந்தார். பரிணாமம் மெல்ல ஊர்கிறதா தாவுகிறதா என்ற பெரிய சண்டையில் பிரையோசோவாவின் பெயர் அடிபட்டது அப்போதுதான்.

நான் மருமகனை அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரே துண்டின் முப்பது அளவுக்கும் ஒரு பயன் உண்டு, அவன் நினைத்தது இல்லை என்பதுதான் விஷயம். தண்ணீர் குளிர்ந்தால் அறை பெரிதாகும், சூடானால் சின்னதாகும். கீலோஸ்டோம்களில் இது பலமுறை பார்த்து உறுதியான போக்கு. ஒரே காலனி ஒரு வருஷம் வளர்ந்தால் அதன் அறைகளிலேயே வெயில் காலமும் குளிர் காலமும் பதிந்திருக்கும். மரபணு ஒன்று என்பதால் அந்த வேறுபாட்டுக்குப் பரம்பரையைக் காரணம் சொல்ல வழியில்லை. ஆரன் ஓடியாவும் பெத் ஒகாமுராவும் 2000-இல் இதை ஒரு அளவுமுறையாகவே ஆக்கினார்கள்: ஒரு காலனிக்குள் அறைப் பரப்பின் மாறுபாட்டுக் கெழுவை எடுத்தால், அந்தக் கடலில் வருஷத்துக்குள் வெப்பநிலை எவ்வளவு ஏறி இறங்கியது என்று மதிப்பிடலாம். இனத்தைப் பிரிக்க உதவாத எண், பருவத்தைச் சொல்கிறது.

இதற்குப் பெட்டி வடிவக் கீலோஸ்டோம் வேண்டும், நல்ல பாதுகாப்பில், நிலையான வளர்ச்சிப் பகுதியில், பரப்பு முழுசாகத் தெரியும்படி. மருமகன் கொண்டுவந்த கிளை குழாய் வடிவம், உதவாது. அதே டப்பாவின் அடியில் ஒரு சிப்பித் துண்டின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்குப் படர்ந்த ஒரு படிவு இருந்தது. அறைகள் வரிசையாக, விளிம்பு தேயாமல். அவன் அதைச் சிப்பி என்று நினைத்துத்தான் எடுத்து வந்திருந்தான். ஈரப் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளியதும் ஒவ்வொரு அறையின் சுவரும் தனித்தனியாக எழுந்து நின்றது.

அடுத்த தடவை போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சுரங்கத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கு. எந்த அடுக்கு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அங்கேயே எழுது. வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று இருக்காதே. ஒரு காலனிக்கு ஒரு பை, ஒரு எண். உடைந்தால் உடைந்த துண்டுகளும் அதே எண்ணில். அட்டவணையில் காலனி எண்ணுக்கு முதல் கட்டம், அறை எண்ணுக்கு இரண்டாம் கட்டம், அப்புறம்தான் நீளமும் அகலமும்.

"மாமா, அப்போ மேல எண்ணிக்கைனு எதைப் போட?"

இரண்டையும் போடச் சொன்னேன், தனித்தனிக் கட்டத்தில்.